இடது சில்லுக்கு மேல் ஒருவன்

வண்டிக்குக் கிட்ட யாரும் போகவில்லை. எந்தப் பள்ளிவாசலில் என்றாலும் ஏறி நின்று சத்தியம் பண்ணப் பக்கீர் தயாராக இருந்தான்.

மத்தியானத்திலிருந்து அவன் அந்த நீலப் பிக்கப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உட்துறைமுக வீதியில், சிவகாமிப்பிள்ளையின் ஐஸ்வாடி முற்றத்தில், வேம்பின் கீழ் அது நின்றது. மீன்பெட்டிகளை இறக்கி வண்டியைக் கழுவிவிட்டு ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். முற்றத்தில் ஒரு காகம்கூட இல்லை. வீதிக்கு இந்தப் பக்கம், தேத்தண்ணிக் கடை வாங்கில், பக்கீரும் அவனுடைய முதலாளி ஞானசேகரமும் குடித்து முடித்த கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வெயில் சாய்ந்தது. வண்டியின் பின்பக்க இடது மூலை தாழத் தொடங்கியது.

சடாரென்று அல்ல. பாரமான ஆள் ஒருவன், வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து உட்காருவதுபோலத் தாழ்ந்தது. மட்காட் சில்லுக்குக் கிட்ட வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

கடைக்காரர் றேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "குஞ்சித்தம்பி ஏறிட்டான்," என்றார், பஸ் வந்துவிட்டது என்று சொல்லும் குரலில்.

பயம் வந்தால் பக்கீருக்கு வாய் சும்மா இராது. "ஏன் சேர், பேய்க்கு வலது பக்கம் இடமில்லையோ?"

"அவன் எப்பவும் இடது பக்கம்தான் இருக்கிறவன். காலமை சீதேவி சொன்னதைக் கேக்கேல்லையா?"

சீதேவி அன்று காலையில்தான் அவர்களிடம் வந்திருந்தாள். ஞானசேகரம் வெள்ளைக்காரக் கடற்படையின் களஞ்சியத்தில் களவு பிடிக்கிற உத்தியோகம் பார்த்தவர். கடற்படை கப்பலேறிப் போனபிறகும் களவு ஊரைவிட்டுப் போகவில்லை என்பதால், ஒரு மாடியறையில் மேசையும் கதிரையும் போட்டு அதே தொழிலைச் சொந்தமாக நடத்திவந்தார். பக்கீர் கிண்ணியாக்காரன். தியேட்டர் வாசலில் டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தவனை, அவனுடைய வாய்க்காகவே தான் எடுத்ததாக அவர் சொல்லுவார். "நீ கதைக்கேக்க ஆக்கள் உன்னைப் பாப்பினம். நான் மற்றதைப் பாக்கலாம்."

சீதேவி கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். போன மாரியில், தெற்கே ஒரு கழிமுகத்தைக் கடக்கையில், அவளுடைய புருஷன் குஞ்சித்தம்பி தண்ணீரில் விழுந்து போய்விட்டான். அந்தத் துறையில் பாலம் கிடையாது. பீப்பாய்களின்மேல் பலகை அடித்த தெப்பம் ஒன்றைக் கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து இழுப்பார்கள். அதைப் பாதை என்பார்கள். இலங்கைத்துறையிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றி வந்த சிவகாமிப்பிள்ளையின் பிக்கப்பும், ஒரு நெல் வண்டிலும் ஏறியிருந்தன. நடுவழியில் பாதை சரிந்தது. பெட்டிகளோடு பெட்டியாக, பின்னால் இடது மூலையில் குந்தியிருந்த குஞ்சித்தம்பி விழுந்தான். வண்டி பலகையிலேயே தங்கியது, பெட்டிகள் கரையொதுங்கின. அவன் ஒதுங்கவில்லை.

"பாதைக்காரர் காசிநாதரில வழக்கு நடக்குது, ஐயா. அவர் என்ர அம்மான். தகப்பன் இல்லாத எனக்குக் கலியாணம் செய்து வச்சவர். ஏத்தக்கூடாததை ஏத்தினார், கவனமில்லை எண்டு கதை. நானும் அவரோட கதைக்கிறதை விட்டுட்டன்."

"இப்ப எங்களிட்ட என்ன கேட்டு வந்தனீர், பிள்ளை?"

"பேயை ஓட்டச் சொல்லி வரேல்லை." அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஒவ்வொரு பின்னேரமும் அவர் அந்த வண்டியில வந்து இருக்கிறார் எண்டு ஊர் முழுக்கக் கதை. நானும் போய்ப் பாத்தனான். வண்டி தாழுறதைக் கண்டனான். அது அவர்தானா எண்டு எனக்குத் தெரியவேணும். அவர்தான் எண்டால், வீடு ரெண்டு ஒழுங்கை தள்ளித்தானே இருக்கு, ஏன் வாறாரில்லை?"

பக்கீருக்கு அப்போது ஒரு பகிடியும் வரவில்லை.

இப்போதும் அவள் வீதி விளக்குக் கம்பத்தடியில் நின்றாள். தாழ்ந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசேகரம் எழும்பினார். "வா, ஐஸ்வாடி அம்மாவோட கதைப்பம்."

சிவகாமிப்பிள்ளை ஐம்பது வயது மதிக்கத்தக்க மனுஷி. வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. புருஷன் செத்தபிறகு ஐஸ்வாடியைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தியவள். சீதேவி அனுப்பி வந்ததாக ஞானசேகரம் ஒளிக்காமல் சொன்னார். அவள் முகம் சுளிக்கவில்லை.

"அந்தப் பிள்ளையின்ர மனசு எனக்கு விளங்கும் ஐயா. ஒவ்வொரு காலமையும் ஆக்கள் வர முந்திப் படலையைச் சாத்திப்போட்டு, அந்த மூலையில கற்பூரம் கொழுத்துறன். அது எரிஞ்சு முடியேக்க அவன் இறங்கிப் போவான். வண்டி நிமிந்திரும்."

"நீங்கள் தனியவா?"

"வேற ஆரும் நிண்டால் அவன் இறங்கமாட்டான். அந்தப் பக்கம் ஒருத்தரையும் தொட விடுறதில்லை. நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

ஞானசேகரம் தள்ளித்தான் நின்றார். ஆனால் தள்ளிப் போகும்போது பக்கீரின் காதோடு, "மயங்கி விழு," என்றார்.

"அதுக்கு நான் நடிக்கத் தேவையில்லை சேர்," என்று முணுமுணுத்துவிட்டு, பக்கீர் வண்டியின் பின்பலகையைப் பிடித்தபடி சரிந்தான். பலகை இடுக்கில் செருகியிருந்த சிராய் ஒன்று உள்ளங்கையில் ஏறியது. கன்னம் மண்ணில் பட, இடது சில்லுக்குப் பக்கத்தில் கிடந்தான்.

அவனுடைய காதுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

மெல்லிய, குளிர்ந்த மூச்சு. விட்டது விட்டபடியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே இழுக்கவேயில்லை. பக்கீர் நிசமாகவே மயங்கப் பார்த்தான். தெரிந்த ஓதல் எல்லாம் ஒன்றாய்க் குழம்பின. கண்ணைத் திறந்து வண்டியின் அடியைப் பார்த்த பிறகுதான் நெஞ்சு கொஞ்சம் நிதானப்பட்டது.

"தண்ணி, தண்ணி," என்று ஞானசேகரம் பதறுவதும், குசினிப் பக்கம் ஓடிய சிவகாமிப்பிள்ளையின் பின்னாலேயே அவரும் ஓடுவதும் கேட்டன.

வீதிக்கு வந்ததும் அவர் கேட்டார். "என்ன கண்டனி?"

"காதுக்குள்ள மூச்சு விட்டவன் சேர்."

"என்ன மணம்?"

பக்கீர் யோசித்தான். "றப்பர்."

"செத்தவன் எப்ப றப்பர் திண்டவன்?"

"சேஸிஸ் சட்டத்துக்கும் வில்லுத் தகட்டுக்கும் நடுவில கறுப்பாய் ஒரு பை இருக்கு. பாதி காத்துப் போன பந்து மாதிரி. அதிலயிருந்துதான் அந்த மூச்சு. மற்றப் பக்கமும் ஒண்டு கிடக்கு. அது நல்லா ஊதிக்கொண்டு நிக்குது."

ஞானசேகரம் துறைமுகப் பக்கம் நடந்தார். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. "பின்னேரம் வண்டியில ஏறுறது ஆர் எண்டு ஊரே கேக்குது, பக்கீர். பிழையான கேள்வி. காத்து தானாப் போகும். தானா வராது. காலமையில அதை நிமித்துறது ஆர்?"

"கற்பூரம்?"

"கற்பூரம் காத்தடிக்காது. அந்த அம்மாவின்ர வலது செருப்பைப் பாத்தியா? குசினி வாசல்ல கழட்டி வச்சவ. இடது செருப்பு புதுசு மாதிரி. வலது செருப்பில, விரலுக்குக் கீழ, குறுக்கால ஒரு பள்ளம். அரிசிப் பெட்டிக்குப் பின்னால காலால மிதிச்சுக் காத்தடிக்கிற பம் ஒண்டும் சாக்கால மூடிக் கிடக்கு."

பக்கீர் விசிலடித்தான். பிறகு நின்றுவிட்டான். "ஏன் சேர்? ஓட்டையெண்டால் ஒட்டலாமே. ஏன் ஒரு விதவை மனுசி விடிய எழும்பிப் பம் மிதிக்க வேணும்?"

"அதை அந்தப் பையை வண்டியில பூட்டினவனிட்டக் கேப்பம்."

அதைப் பூட்டியவரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. கப்பல்காரர்கள் கொண்டுவரும் புதினமான உதிரிப்பாகம் எதுவும், சீனன்குடா வீதியில் இருந்த ஸெய்னுதீனின் கராஜுக்குத்தான் போய்ச் சேரும். மறுநாள் முற்பகல் போனபோது ஸெய்னுதீன் ஒரு லொறிக்கு அடியில் கிடந்தார். பக்கீரின் கையைக் கண்டதும் முதலில் சிராயைத்தான் கவனித்தார். சின்னக் குறடால் இழுத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மோந்தும் பார்த்தார்.

"மஞ்சளா இருக்கு. முதிரை மரம். எந்தத் தச்சன்ர வேலைக்குப் போனனீ?"

"மீன் வண்டியில ஏறின சிராய், ஸெய்னுதீன் நானா," என்றான் பக்கீர்.

ஞானசேகரம் அந்தச் சிராயை வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டார்.

காற்றுப் பையைப் பற்றிக் கேட்டதும் ஸெய்னுதீனுடைய முகம் மலர்ந்தது. ஊரில் ஒருவரும் செய்யாத வேலை. "கப்பல் இஞ்சினியர் ஒருத்தன் தந்தது. சிவகாமியம்மா வாங்கிப் பூட்டச் சொன்னவ. ரோட்டுக் குலுக்கத்தில ஐஸ் நொருங்குதாம். பின்பக்கத்தை ஜக்கில தூக்கி, சேஸிஸில இருக்கிற முட்டு றப்பரைக் கழட்டிப்போட்டு, அந்த இடத்தில இரும்புத் தட்டு ஒண்டைப் பூட்டினன். கீழ்த்தட்டு வில்லோட இறுகும். நடுவில பை. புகைக்குழாய்ச் சூடு படாமப் பாக்கவேணும். ரெண்டு பைக்கும் தனித்தனிக் குழாய். காத்தடிக்கிற வால்வு நம்பர் பிளேட்டுக்குப் பின்னால."

"அடிச்சால்?"

"வில்லு வளையாது. எவ்வளவு பாரம் ஏத்தினாலும் வண்டி வெறும் வண்டி மாதிரி நிமிந்து நிக்கும்."

"அப்ப பாரத்தை வெளியில இருந்து பாக்கிற ஒருத்தனுக்கு?"

ஸெய்னுதீன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

ஞானசேகரம் அமைதியாகச் சொன்னார். "பாதையில தராசு இல்லை. சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில கையை விட்டுப் பாத்துத்தான் காசிநாதர் பாரம் மதிக்கிறவர். அண்டைக்குக் கை லேசா உள்ள போச்சு எண்டு கோட்டில நீதவானிட்டயும் சொன்னவர். பாரமில்லாத வண்டி எண்டு நம்பித்தான் அதை ஓரத்தில விட்டிட்டு, நெல் வண்டிலை நடுவில விட்டிருக்கிறார். அவர் சொன்னதை ஒருத்தரும் எடுக்கேல்லை."

"எல்லாரும் மீன்பெட்டி எண்டுதானே சொன்னவங்கள்," என்றார் ஸெய்னுதீன். குரல் இறங்கிப் போயிருந்தது. "நானும் அப்படித்தான் நினைச்சன்."

"அதுக்குப் பிறகு வண்டி உங்களிட்ட வந்ததா?"

"இல்லை. வண்டி சரிஞ்சு பாரம் முழுக்க ஒரு பக்கம் விழுந்தால், தட்டின்ர விளிம்பு பையை வெட்டும். நான் ஒருக்காக் குனிஞ்சு பாத்தால் போதும், என்ன நடந்தது எண்டு சொல்லிருவன்."

"அதாலதான் வரேல்லை," என்றார் ஞானசேகரம்.

மறுநாள் விடிந்த கையோடு அவர்கள் ஐஸ்வாடிப் படலைக்கு வெளியே நின்றார்கள். சீதேவியையும் கூட்டி வந்திருந்தார்கள். வேண்டாம் என்று பக்கீர் சொல்லிப் பார்த்தான். "கேட்டது அவள்தானே," என்று சொல்லிவிட்டார் ஞானசேகரம்.

உள்ளே கற்பூர மணம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். புஸ்க், புஸ்க் என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் தவிக்கிறவனுடைய நெஞ்சுச் சத்தம் போல. சீதேவி பக்கீரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஞானசேகரம் படலையைத் தள்ளினார்.

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவகாமிப்பிள்ளை, சேலையை முழங்கால் மட்டும் தூக்கிச் செருகி, ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடி வலது காலால் பம்மை மிதித்துக்கொண்டிருந்தாள். வாய் எதையோ முணுமுணுத்தது. வண்டியின் மூலை ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. அவர்களைக் கண்டதும் கால் நின்றது. உதடு மட்டும் இன்னும் அசைந்தது. குஞ்சித்தம்பி, குஞ்சித்தம்பி என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது பக்கீருக்கு அப்போதுதான் விளங்கியது.

"பேய்க்கதையை நான் கட்டேல்லை, ஐயா," என்றாள் சிவகாமிப்பிள்ளை. "அது தானாக் கிளம்பினது. கிட்ட வர ஆக்கள் பயந்தது எனக்கு வசதியாப் போச்சு. ஆனால் கற்பூரம் பொய்யில்லை."

"நம்புறன்," என்றார் ஞானசேகரம்.

"நான் அவனைக் கொல்லேல்லை."

"ஓம். நீங்கள் கொல்லுறது காசிநாதரை. வழக்கு முடியமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டியள் எண்டால் அவரை மறியலில அடைப்பாங்கள். இல்லாட்டி, அவர் இப்ப இருக்கிற நிலைக்கு, அதுக்கு முந்தியே செத்துப் போயிருவார்."

சீதேவி தாழ்ந்த மூலைக்குக் கிட்டப் போனாள். பலகையில் கையை வைத்து, அவன் குந்துகிற இடத்தைத் தடவினாள். "அப்ப இது அவரில்லை," என்றாள்.

"இல்லைத் தங்கச்சி," என்றான் பக்கீர்.

"அப்ப அவர் எங்க?"

ஞானசேகரம் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். அதற்குள்ளிருந்த மஞ்சள் சிராயைச் சிவகாமிப்பிள்ளையின் முன்னால் நீட்டினார். "பாதை சரிஞ்ச அண்டைக்கு மிதந்ததைத்தான் எல்லாரும் பாத்தினம். மீன்பெட்டி மிதந்தது, ஐஸ் மிதந்தது, பாரமில்லை எண்டு எழுதிப்போட்டாங்கள். தாழ்ந்தது என்ன எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அம்மா, பெட்டிக்குக் கீழ என்ன இருந்தது?"

கற்பூரம் எரிந்து அணைந்தது. சிவகாமிப்பிள்ளை நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முதிரை," என்றாள். "வெருகல் காட்டில களவாத் தறிச்ச பச்சை மரக்குத்தி. ட்றைவர் ஜெமீலுக்கும் குஞ்சித்தம்பிக்கும் தெரியும். ஜெமீல் சவூதிக்குப் போயிட்டான். மரத்தின்ர கயிறு அறுந்த கையோட எல்லாம் இடது பக்கம் உருண்டது எண்டு அவன்தான் சொன்னவன். முதல்ல மரம் விழுந்ததா, குஞ்சித்தம்பி விழுந்தானா எண்டு நான் கேட்டன். ஒண்டாத்தான் எண்டான்."

பச்சை முதிரை தண்ணீரில் மிதக்காது. அது பக்கீருக்குத் தெரியும். குஞ்சித்தம்பியைத் தேடிய தோணிக்காரர்கள் நீரோட்டத்தோடு கடல் வாய்வரை போய்த் தேடினார்கள். பாதை சரிந்த இடத்திலேயே யாரும் முங்கிப் பார்க்கவில்லை. சீதேவியும் அதே இடத்துக்குத்தான் நினைவால் போயிருக்க வேண்டும். பின்பலகையில் இருந்த அவளுடைய கை மெல்லக் கீழே வந்தது.

"அங்கயே கிடக்கிறார்," என்றாள். "வரேலாமல் கிடக்கிறார்."

சிவகாமிப்பிள்ளை முகத்தை மூடிக்கொண்டாள். அன்று பகலே ஞானசேகரத்தோடு போய், தானாகவே வாக்குமூலம் கொடுத்தாள். ஸெய்னுதீன் பையைக் கழற்றி, வெட்டுப்பட்ட விளிம்பைப் பொலிஸாருக்குக் காட்டினார்.

தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, சங்கு குளிக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் கழிமுகத்தின் தென்கரைக்குப் போனார்கள். கரையில் சனம் கூடியிருந்தது. சனத்தை விட்டுத் தள்ளி, கண்டல் மரத்தடியில் காசிநாதர் குந்தியிருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். வழக்கு வந்த நாளிலிருந்து அவர் பாதைக் கம்பியில் கை வைக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். அவர்மேல் பிழையில்லை என்று ஞானசேகரம் போய்ச் சொன்னபோதும் அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கை லேசாத்தான் போச்சு ஐயா," என்றார். "தண்ணி பலகைக்கு ஏறேக்க வண்டில்காரனைத்தான் ஏசினன். பிறகு என்ர கையைத்தான் நம்பாமப் போனன்."

முதலில் முங்கியவன் மரக்குத்தியின் நுனியில் கயிறு கட்டிவிட்டு வந்தான். இரண்டாம் முறை முங்கியவன் மேலே வந்து, கரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான். பக்கீர் கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை மனத்துக்குள் ஓதினான். இந்த முறை வரிகள் குழம்பவில்லை.

கிடைத்ததைக் கொண்டுவந்து, கரையோரம் நின்ற பாதைப் பலகையில் கிடத்தி வெள்ளைத் துணியால் சுற்றினார்கள். சின்னப் பொதிதான் இருந்தது. சீதேவி அழவில்லை. பக்கத்தில் இருந்து துணியின் நுனியைச் சரிசெய்துவிட்டு, பிறகு எழும்பிக் கண்டல் மரத்தடிக்கு நடந்தாள். எல்லோரும் வழி விட்டார்கள்.

அவள் அவருக்கு முன்னால் குந்தினாள். இத்தனை மாதம் கழித்து முதல் கதை.

"அம்மான், எழும்புங்கோ. பாதையை வேற ஆரும் இழுக்க வேண்டாம். நீங்கள்தான் அவரை வீட்டுப் பக்கத்துக் கரை சேர்க்கவேணும்."

காசிநாதர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கையைத் தரையில் ஊன்றினார். எழும்ப ஏலவில்லை. பக்கீர் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தான், மறுபக்கம் சீதேவி பிடித்தாள். தண்ணீரில் இறங்கி, பலகையில் ஏறி, அந்த வெள்ளைப் பொதியைத் தாண்டாமல் சுற்றி நடந்து, அவர் கம்பியடிக்குப் போனார்.

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். பாதை அசைந்தது.